நாளைக்கு ஊருக்குப் போகலாமா?

ஒரு பொய்யில் இருந்து ஆரம்பிக்கிறேன். நான் சொன்ன பொய்.

வாயால் சொல்லவில்லை. பேனாவால் சொன்னேன். ‘ஆம்’, ‘இல்லை’ என்று பக்கம் பக்கமாகக் கட்டங்கள். எல்லா ‘இல்லை’யிலும் வரிசையாக டிக் போட்டேன். மேஜையில் வைத்த டீ ஆறுவதற்குள் நாற்பது டிக்! உலகத்திலேயே சுலபமான பொய் அதுதான். சொல்கிறவனுக்கே அது பொய் என்று தெரியாது.

2017-ம் வருடம். செங்கல்பட்டு பக்கம் ஒரு குப்பை கம்பெனியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். குப்பை என்றதும் முகம் சுளிக்காதீர்கள். நன்றாக ஓடிய கம்பெனி. தொழிற்சாலைகளில் சேரும் அட்டைப்பெட்டி, பாலிதீன் கவர், பிளாஸ்டிக் டப்பா, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல்களில் சேரும் காலி தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் லாரியில் அள்ளிவந்து, வியாபாரிகளுக்கு எடை போட்டு விற்பதுதான் தொழில். நீங்கள் மாமல்லபுரத்துக்கு வந்து, அர்ஜுனன் தபசு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு, வெயில் தாங்காமல் ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வீசியிருப்பீர்களே... அதை நாங்கள் அள்ளியிருக்கக்கூடும்.

எங்களுக்குக் குப்பை கொடுக்கும் தொழிற்சாலை ஒன்றிலிருந்துதான் அந்தக் கேள்வித்தாள் வந்தது. அவர்களுடைய தலைமை அலுவலகம் இங்கிலாந்தில். அங்கே 2015-ல் நவீன அடிமைத்தனத்துக்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வருடத்துக்கு 3.6 கோடி பவுண்டுக்கு மேல் வியாபாரம் செய்கிற கம்பெனிகள், தங்கள் இடத்திலும் தங்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் இடத்திலும் அடிமைத்தனம் இல்லாமல் பார்த்துக்கொள்ள என்ன செய்தோம் என்று வருடா வருடம் அறிக்கை வெளியிட வேண்டும். லண்டனில் கேட்ட கேள்வி கடல் தாண்டி, கை மாறி, கடைசியில் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தது.

‘அடிமை’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அடிமை என்றால் சங்கிலி, சவுக்கு, பாய்மரக் கப்பல்! எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் பி.எஃப். உண்டு, ஈ.எஸ்.ஐ. உண்டு. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ்கூட உண்டு. அப்புறம் என்ன? போடு டிக்!

‘உங்களிடம் பொருள் வாங்குபவர்கள் இடத்தில் கட்டாய உழைப்பு உண்டா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்கும் ‘இல்லை’. வாங்குகிறவன் வீட்டில் என்ன நடக்கிறதென்று எனக்கென்ன தெரியும்? தெரியாத விஷயத்துக்கு ‘தெரியாது’ என்று எழுத அந்தத் தாளில் கட்டமே இல்லை.

*

அந்த டிக்குகளை மறந்தே போனேன். அடுத்த வருடம் மாசி பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலை. ஓட்டல் குப்பை எடுக்கப் போன லாரி கூட்டத்தில் சிக்கிக்கொண்டதென்று டிரைவர் போன் செய்தார். பைக்கை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் போனேன்.

அந்தக் காட்சியை நீங்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். மணல் முழுக்கப் புடவைகள். குச்சி நட்டுப் பழைய புடவையைச் சுற்றிக் கட்டிய கூடாரங்கள். ஒவ்வொரு மாசி மகத்துக்கும் இருளர்கள் குடும்பம் குடும்பமாக இந்தக் கடற்கரைக்கு வந்துவிடுகிறார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலை... எங்கெங்கிருந்தோ. அவர்களுடைய கன்னியம்மா கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுவாளாம். கூப்பிட்டுவர வேண்டுமாம். ஈர மணலில் ஏழு படி கட்டி, பூ வைத்து, விடியும் நேரத்தில் கும்பிடுகிறார்கள். அங்கேயே பெண் பார்க்கிறார்கள், தாலி கட்டுகிறார்கள், குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள். வருடத்தில் ஒருநாள் மொத்தச் சொந்தமும் கண்ணில் படுகிற நாள் அது. அந்த ஒருநாளுக்கு வர முடியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

“எல்லாரும் வந்துட்டாங்களா பெரியவரே?”

“பொண்ணும் மருமவனும் வர்ல சார். பேரப்புள்ளைக்கு இது மொத மாசி. இங்கதான் மொட்ட போடணும். விடல.”

“யார் விடல?”

“ஓனருதான். பிளாஸ்டிக் குடோன்ல வேல செய்றாங்க. அட்வான்ஸ் வாங்கிக்கினாங்க. அது தீர்ற வரைக்கும் எப்டி விடுவாரு?”

‘எப்டி விடுவாரு?’ என்று அவரே முதலாளிக்காக வாதாடினார், பாருங்கள்! அவர் குரலில் கோபம் இல்லை. மழை பெய்தால் நனைவோம் என்கிற மாதிரி சொன்னார்.

எந்த குடோன் என்று சும்மா கேட்டு வைத்தேன். பெயரைச் சொன்னார்.

டீ தொண்டையில் நின்றுவிட்டது. அந்தப் பெயரை மாதம் இரண்டு தடவை நான் பில்லில் எழுதுகிறேன். எங்கள் பாட்டில்களை மொத்தமாக வாங்குகிற வியாபாரி அவர்.

*

இரண்டு நாள் கழித்து, கணக்கு சரிபார்க்க வந்தேன் என்று ஒரு சாக்கை வைத்துக்கொண்டு அந்த குடோனுக்குப் போனேன். தகரக் கொட்டகை. ஆள் உயரத்துக்கு பாட்டில் மலை. நடுவே ஒரு பெண் உட்கார்ந்து மூடியைத் திருகித் திருகித் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கலாம். உத்தரத்தில் கட்டிய புடவைத் தூளியில் குழந்தை.

பாட்டில் ஒருவகை பிளாஸ்டிக், மூடி வேறுவகை பிளாஸ்டிக். இரண்டும் சேர்ந்து உருகினால் சரக்கு கெட்டுவிடும். அதனால் மூடியைப் பிரிக்க வேண்டும், மேலே ஒட்டிய பேப்பரைக் கிழிக்க வேண்டும், நிறம் நிறமாக ஒதுக்க வேண்டும். அப்புறம்தான் அரவை. அந்தத் துண்டுகளைக் கழுவி, உருக்கி, பாலியெஸ்டர் நூல்கூட எடுக்கிறார்கள். நீங்கள் வீசிய பாட்டில் ஒருநாள் டி-ஷர்ட்டாக உங்களிடமே திரும்பி வரலாம். நடுவில் இந்த மாதிரி கொட்டகைகளில் மனித விரல்கள்தான் மெஷின்.

“கூலி எவ்ளோம்மா?”

“வாரத்துக்கு ஐந்நூறு தர்றாரு சார், ரெண்டு பேருக்கும். சாப்பாட்டு செலவுக்கு.”

“அட்வான்ஸ்?”

“பதினஞ்சாயிரம். இது பொறக்கும்போது ஆஸ்பத்திரிக்கு வாங்கினது.”

“இதுவரைக்கும் எவ்ளோ கழிஞ்சிருக்கு?”

“தெரியாது சார். நோட்டு ஓனர்கிட்ட கீது.”

கேட் திறந்தே கிடந்தது. பூட்டு இல்லை, காவலாளி இல்லை, நாய்கூட இல்லை. அதனால் தைரியமாகக் கேட்டேன்.

“நாளைக்கு ஊருக்குப் போகணும்னா போகலாமா?”

அவள் உடனே பதில் சொல்லவில்லை. முதலில் முதலாளி அறைப் பக்கம் பார்த்தாள். அப்புறம் தூளியைப் பார்த்தாள்.

“போலாம் சார். ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து போக முடியாது. ஒருத்தர் போனா ஒருத்தர் இங்க இருக்கணும். புள்ள இங்கதான் இருக்கணும்.”

சங்கிலி இருந்தது. என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. புருஷனுக்குப் பெண்டாட்டி சங்கிலி. பெண்டாட்டிக்குப் புருஷன் சங்கிலி. இரண்டு பேருக்கும் குழந்தை சங்கிலி.

*

முதலாளியை நீங்கள் வில்லன் மாதிரி கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நெற்றியில் விபூதி, சட்டைப்பையில் பேனா, எனக்கு ஒரு கூல்டிரிங்க்ஸ். நான் இழுத்து இழுத்துப் பேச்சை எடுத்ததும் அவர் சொன்னார்:

“சார், அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரி செலவுக்கு பேங்க்காரன் வந்தானா? நான்தானே கொடுத்தேன்! நானே பெரிய பார்ட்டிகிட்ட அட்வான்ஸ் வாங்கித்தான் உங்க சரக்க எடுக்குறேன். போன தடவை கிலோவுக்கு ரெண்டு ரூபா ஏத்துனீங்களே, அத எங்கேர்ந்து எடுப்பேன்?”

அந்த இரண்டு ரூபாய்! ‘யார் அதிகம் தருகிறாரோ அவருக்குத்தான் சரக்கு’ என்று வியாபாரிகளை மோதவிட்டு, கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏற்றியது நான்தான். எம்.டி. கூப்பிட்டுப் பாராட்டினார். அந்த இரண்டு ரூபாய் பாட்டிலில் இருந்து வரவில்லை. மூடி திருகும் விரலில் இருந்து வந்திருக்கிறது. ஆக, அந்தக் கேள்வித்தாளில் நான் டிக் போட்ட கட்டத்துக்குள்ளேயே ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. உட்காரவைத்ததில் எனக்கும் பங்கு இருந்தது.

வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். நெருக்கடி நிலை காலத்தில் 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம். நீங்களும் ஒருமுறை தெரிந்துகொள்ளுங்கள், ரொம்ப எளிமையானது. முன்பணமோ கடனோ வாங்கியதற்காக ஒருவர் நான்கில் ஏதாவது ஒன்றை இழந்தாலும் அவர் கொத்தடிமை. ஒன்று, கூலியே இல்லை, அல்லது பேருக்குக் கொஞ்சம் கூலி. இரண்டு, வேறு வேலைக்குப் போகிற சுதந்திரம் இல்லை. மூன்று, விருப்பப்பட்ட இடத்துக்குப் போய்வருகிற சுதந்திரம் இல்லை. நான்கு, தன் உழைப்பில் கிடைத்த பொருளைச் சந்தை விலைக்கு விற்கிற உரிமை இல்லை.

சங்கிலி, சவுக்கு, பூட்டு எதுவும் தேவையில்லை!

அந்த நாலாவதைப் படித்ததும் எனக்கு வேறு முகங்களும் ஞாபகம் வந்தன. விடியற்காலையில் கோணியோடு தெருத்தெருவாகக் குப்பை பொறுக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ‘சுதந்திரப் பறவை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை’ என்று நினைத்திருப்பீர்கள். அவர்களில் ஒருவர் காயலான் கடையில் ஒரு கஷ்டத்துக்கு மூவாயிரம் ரூபாய் வாங்கியிருக்கலாம். அதற்காக அந்தக் கடைக்குத்தான் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்று ஆகிவிடும். வெளியே கிலோ இருபது ரூபாய் என்றால் இங்கே பதினாலுதான். தெருவெல்லாம் சுற்றலாம், ஆனால் தராசு மட்டும் ஒன்றுதான். அதுவும் இந்தச் சட்டத்தின் கண்ணில் கொத்தடிமைத்தனம்தான்.

சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. இப்படிப்பட்ட கடன் அந்த நிமிடமே செல்லாது. திருப்பிக் கேட்க உரிமை இல்லை. வாங்கினால் குற்றம். டெல்லி ஆசிய விளையாட்டுக்காக உழைத்த கூலித் தொழிலாளர் வழக்கில் 1982-ல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று சொன்னது. பசியும் ஏழ்மையும் ஒருவனைத் தள்ளுகிறதே, அதுவும் கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

*

சரி, நீ என்னப்பா செய்தாய் என்று கேட்கிறீர்கள். சொல்லத்தான் வேண்டும்.

நான் நல்லவன் என்று நினைத்துக்கொண்டு ஒரு முட்டாள்தனம் செய்தேன். கலெக்டர் ஆபீசுக்கெல்லாம் போனால் ஊரெல்லாம் நாறிவிடும், பேசியே தீர்த்துவிடலாம் என்று அந்த முதலாளிக்கே போன் போட்டேன். “அவங்கள அனுப்பிடுங்க. பிரச்னையாயிடும்.”

“கவலைய விடுங்க சார், நான் பாத்துக்கறேன்” என்றார்.

பார்த்துக்கொண்டார். அடுத்த வாரம் போனபோது கொட்டகையில் பாட்டில் மலை இருந்தது. தூளி இல்லை. அவர்களை அட்வான்ஸோடு சேர்த்து வேறு யாருக்கோ கைமாற்றிவிட்டதாக லோடுமேன் ஒருவர் காதோடு சொன்னார். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. நிலத்தை விற்கிற மாதிரி கடனை விற்றால், அதில் நிற்கிற ஆளும் கூடவே போய்விடுகிறார்.

எம்.டி.யிடம் சொன்னேன். “அந்த பார்ட்டிக்கு இனிமே சரக்கு கொடுக்காதே” என்றார். வேறு வியாபாரி வந்தார். எங்கள் கை சுத்தமாகிவிட்டது. அந்தக் குடும்பம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நானும் மூன்று மாதத்தில் அந்த வேலையை விட்டேன். வீரமாக அல்ல, வெட்கமாக.

அதற்கப்புறம்தான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். இந்தச் சட்டத்தில் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கும் அவர் அதிகாரம் கொடுக்கிற வருவாய் அதிகாரிகளுக்கும். சந்தேகம் வந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும். முதலாளிக்கு முதலில் சொல்லவே கூடாது. அதிகாரிகள் திடீரென்று போய் விசாரித்து, கொத்தடிமை என்று தெரிந்தால் விடுதலைச் சான்றிதழ் கொடுப்பார்கள். அந்த ஒரு தாள்தான் கடன் தீர்ந்ததற்குச் சாட்சி. 2021-ல் திருத்திய மத்திய அரசுத் திட்டப்படி உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்க வழி இருக்கிறது. தாள் இல்லாமல் வெறுமனே வெளியே வந்தவரை, அடுத்த நாளே பழைய நோட்டு தேடி வந்துவிடும்.

2019 ஜூலையில் வந்த ஒரு போட்டோ உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அன்றைய காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் இருந்து 42 பேரை மீட்டார்கள். இருளர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கும்பிட்ட படம் அது. நாடே பார்த்தது. அந்தப் படத்தை நான் முழுசாகப் பார்க்க முடியாமல் பேப்பரை மடித்துவைத்தேன். அந்த வருடம் நவம்பரில்தான் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. மாவட்டத்தின் பெயர் மாறும். நோட்டு மாறாது.

இது ஏழை நாட்டுச் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்திலேயே 2019-ல் ஒரு பெரிய வழக்கு முடிந்தது. போலந்தில் இருந்து வேலை ஆசை காட்டி 400-க்கும் மேற்பட்டவர்களை ஒரு கும்பல் கூட்டிவந்து வைத்திருந்தது. அவர்கள் வேலை செய்த இடங்களில் பண்ணைகளும் உண்டு, குப்பை பிரிக்கும் மறுசுழற்சிக் கூடங்களும் உண்டு. வேடிக்கை என்ன தெரியுமா? சம்பளம் வங்கிக் கணக்கிலேயே ஏறியது. ஆனால் கணக்கு கும்பலின் கையில். தொழிலாளிக்குக் கிடைத்தது சில்லறைதான். என்னைப் போன்ற கணக்குப்பிள்ளை யாராவது அங்கே உட்கார்ந்து, ‘சம்பளம் கொடுத்தாச்சு’ என்று டிக் போட்டிருப்பார்!

உலகத் தொழிலாளர் அமைப்பும் வேறு இரண்டு அமைப்புகளும் 2022-ல் ஒரு கணக்கு சொன்னார்கள். 2021-ல் எந்த ஒருநாளை எடுத்துக்கொண்டாலும் சுமார் 5 கோடிப் பேர் நவீன அடிமைத்தனத்தில் இருந்தார்கள். அதில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில். மீதிப் பேர் கட்டாயத் திருமணத்தில்.

*

இப்போது என் கையில் அந்தக் கேள்வித்தாளைக் கொடுத்தால் என்ன செய்வேன்?

நாற்பது கேள்வியையும் ஓரமாக வைத்துவிட்டு லாரியின் பின்னாலேயே போவேன். குப்பை எங்கே இறங்குகிறது, அங்கிருந்து எங்கே போகிறது, அதற்கப்புறம் எங்கே? நம்மோடு நேராக வியாபாரம் செய்கிறவர் கடை சுத்தமாகத்தான் இருக்கும். மூன்றாவது, நான்காவது கையில்தான் தூளி தொங்கும். அங்கே இருப்பவரிடம், முதலாளி பக்கத்தில் இல்லாதபோது, அவர் பாஷையில் பேசுவேன். ஏ.டி.எம். கார்டு யாரிடம்? ஆதார் யாரிடம்? நோட்டு யாரிடம்?

அப்புறம் என் விலையைப் பார்ப்பேன். நான் கேட்கிற விலையில் மூடி திருகுகிறவருக்கு நியாயமான கூலி கொடுக்க இடம் இருக்கிறதா? இல்லையென்றால் அடிமையை ஆர்டர் கொடுத்தது நான்தான். தப்பு தெரிந்துவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்து கையைக் கழுவ மாட்டேன். முதலில் அந்தக் குடும்பத்துக்கு விடுதலைச் சான்றிதழ். அப்புறம்தான் என் கம்பெனியின் மானம்.

எல்லாவற்றுக்கும் மேலே, அந்த முதலாளி கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டும். ‘அன்னிக்கு ராத்திரி பேங்க்காரன் வந்தானா?’ நியாயமான கேள்வி. ஆபத்துக்குக் கைமாற்றுக் கொடுக்க வேறு கை இல்லாதவரைக்கும் அந்த நோட்டு சாகாது.

வேறு கை இருக்க முடியும். அதற்கு அத்தாட்சி அந்தக் கடற்கரையிலேயே இருக்கிறது. மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலி. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பிறகு பாம்புத் தோல் வியாபாரமும் நின்றபோது இருளர்களின் பிழைப்பு போயிற்று. பலர் அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் அட்வான்ஸ் வாங்கிப் போனார்கள். சிலர் 1978-ல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பிடித்த பாம்பில் இருந்து விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தில் இருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. இந்த மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தது அரசாங்கம். அதே ஜனம், அதே விரல்கள். நோட்டு யார் கையில் என்பதுதான் வித்தியாசம்.

குப்பையிலும் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். புனே நகரத்தில் குப்பை பொறுக்கும் பெண்கள் 1993-ல் சங்கமாகச் சேர்ந்தார்கள். அங்கிருந்து வளர்ந்து 2008-ல் ‘ஸ்வச்’ என்ற தங்கள் கூட்டுறவு அமைப்பு மூலமாக மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு, வீடு வீடாகக் குப்பை வாங்கினார்கள். காயலான் கடைக்காரர் வாசலில் கைகட்டி நின்றவர்கள், நகரசபையின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள்.

*

2020 மாசி மகம். ஊரடங்குக்கு இரண்டு வாரம் முன்னால். மறுபடி மாமல்லபுரம் போனேன். அதற்கு முந்தைய வருடமும் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தேன். இந்தத் தடவை பெரியவரே என்னை அடையாளம் கண்டுபிடித்தார்.

“சார்! டீ சார்!” என்றார். என்னை டீ வாங்கிக் கொடுத்த ஆளாகத்தான் அவருக்குத் தெரியும். நான் போட்ட போன் அவருக்குத் தெரியாது.

மகள் வந்திருந்தாள். மணலில் ஏழாவது படியைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தாள். மொட்டைத் தலையோடு ஒரு பையன் அலையைத் துரத்திக்கொண்டிருந்தான். இரண்டு வருடம் தள்ளிப்போன மொட்டை.

குடோனில் இருந்து அவர்களை ஒரு மரம் வெட்டும் இடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதினைந்தாயிரம் அங்கே இருபத்தையாயிரமாக ஆகியிருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் அங்கே. அப்புறம் யாரோ தகவல் சொல்லி அதிகாரிகள் வந்து மீட்டிருக்கிறார்கள். விடுதலைச் சான்றிதழை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, இடுப்பில் செருகி வைத்திருந்தாள். எடுத்துக் காட்டினாள்.

போன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

“நீங்க அன்னிக்குக் கேட்டீங்களே சார், நாளைக்கு ஊருக்குப் போலாமான்னு. அதே மாதிரிதான் அந்த ஆபீசரம்மாவும் கேட்டாங்க.”

“நீ என்னம்மா சொன்னே?”

“ஒருத்தர் போலாம், ஒருத்தர் இருக்கணும்னேன். அவங்க சொன்னாங்க, நாளைக்கு இல்லம்மா, இப்பவே போறோம், எல்லாரும்னு.”

கேள்வி ஒன்றுதான். கேட்டுவிட்டு நான் போன் செய்தேன். அந்த அம்மா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

உங்களிடம் கேள்வித்தாள் எதுவும் வராமல் போகலாம். ஆனால் உங்கள் தெருமுனையில் ஒரு காயலான் கடை இருக்கும். உங்கள் அபார்ட்மென்டில் குப்பை பிரிக்கிற ஒருவர், அடிக்கடி சாப்பிடும் ஓட்டலின் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற ஒரு பையன், பக்கத்து வீடு கட்டுகிற இடத்தில் தகரக் கொட்டகையில் ஒரு குடும்பம் இருக்கும். சும்மா பேச்சுக் கொடுங்கள். எந்த ஊர், எத்தனை குழந்தை என்று விசாரியுங்கள். அப்புறம் மெதுவாக, பக்கத்தில் யாரும் இல்லாதபோது கேளுங்கள்: “நாளைக்கு ஊருக்குப் போகணும்னா போகலாமா?”

வாய் பதில் சொல்வதற்கு முன்னால் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். முதலாளி அறைப் பக்கம் போனால், தயவுசெய்து முதலாளிக்கு போன் செய்யாதீர்கள். நேரே கலெக்டர் ஆபீசுக்குப் போங்கள்.